பூச்சு உரிந்த பாண் அச்சு

இல்மாவின் வாய்க்குள் விரலை விட்டு ஷஃபீனா அதைத் தோண்டி எடுத்தாள். மேலண்ணத்தில் ஒட்டிக் கிடந்தது. நகத்தளவு ஒரு தோல். ஒரு பக்கம் கறுப்பு. மறுபக்கம் மீன் செதிலைப் போல வெள்ளிப் பளபளப்பு. பிள்ளை மென்ற பேக்கரிப் பாணும் எச்சிலும் அதில் கூழாக அப்பியிருந்தன.

"உம்மா, கசக்குது," என்ற இல்மா நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு நின்றாள்.

ஷஃபீனா அந்தத் தோலை மூக்கருகே கொண்டுபோனாள். மருந்தும் பெயின்ட்டும் ஒன்றாகக் கருகியது போல ஒரு வாடை. மேசையில் மிச்சமிருந்த பாணைப் புரட்டிப் பார்த்தாள். அடிப்பக்கத்தில் அதே செதில்கள், சொறி பிடித்த தோலைப் போல, அங்கங்கே பொருக்காடிக் கிடந்தன.

எதிர்க் கதிரையில் இருந்த மாமி றஹ்மத் உம்மா, பாண் துண்டொன்றைத் தேத்தண்ணிக்குள் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். "அச்சுலேந்து கழண்டு வந்தீக்கும். அடியச் சுரண்டிட்டுத் தின்னுங்க, மகள். இதுக்குப் போய் மூஞ்சச் சுளிக்கிற."

மாமி அப்படிச் சொல்லக் காரணம் இருந்தது. அந்தப் பாண் மூத்த மகன் மஹ்ரூபின் பேக்கரியில் சுட்டது. இளைய மகன் முபாரிஸ், அதாவது ஷஃபீனாவின் புருஷன், அந்தப் பாணைத்தான் முச்சக்கரவண்டியில் ஏற்றி, ஒலிபெருக்கியில் பாட்டைப் போட்டுக்கொண்டு, கரைத்தீவுப் பக்கத்து ஒழுங்கை ஒழுங்கையாக விற்றுவந்தான். மன்னாரிலிருந்து வெறுங்கையோடு வந்த குடும்பம் இந்தப் பேக்கரியால்தான் தலையெடுத்தது. நாட்டில் மாவும் எரிவாயுவும் இல்லாமற்போன அந்த வருஷத்தில்கூட, மஹ்ரூப் எங்கேயோ விறகு பிடித்து, யாருக்கோ சொல்லி மா எடுத்து, ஊருக்குப் பாண் போட்டான். பள்ளிவாசலில் அவனுக்கு முதல் வரிசையில் இடம் இருந்தது. அவனுடைய பாணில் குறை சொல்வது நன்றிகெட்ட வேலை.

எதற்கும் அருவருப்பவள் என்று ஷஃபீனாவை வீட்டில் 'அரியண்டக்காரி' என்பார்கள். அது முழுக்க உண்மையல்ல. அவள் கற்பிட்டியில் மீன்காரர் வீட்டில் பிறந்தவள். திருக்கையின் குடலை வெறுங்கையால் உருவுவாள். கோழி வெட்டிய இடத்தை முகம் கோணாமல் கழுவுவாள். வாய்க்குள் போகும் பொருளில் போகக்கூடாதது கலந்திருந்தால் மட்டும் அவளால் தாங்க முடியாது. சோற்றில் ஒரு தலைமயிர் கிடந்தால் அன்று முழுக்கத் தொண்டையில் அந்த மயிர் ஊர்ந்துகொண்டே இருக்கும்.

அன்று மத்தியானம் முபாரிஸ் வந்ததும் அந்தத் தோலைக் கடதாசியில் வைத்துக் காட்டினாள்.

அவன் ஒரு கணம்தான் பார்த்தான். பிறகு செருப்பைக் கழற்றுவதில் மும்முரமானான். "அப்ப வீட்டுலயே சுடு. ஒண்ட ராத்தா தந்த போறணை சும்மாத்தானே ஈக்குது."

"மெய்யாவா? பெரிய மச்சான் ஒண்டும் நெனைக்க மாட்டாரா?"

"அவரு என்ன நெனைக்கிற? நீ சுடு. புள்ளைக்கும் அதையே குடு."

சண்டை பிடிப்பான் என்று எதிர்பார்த்திருந்தவளுக்கு அது சந்தோசமாக இருந்தது. புருஷன் தன் பக்கம் நிற்கிறான் என்றே எடுத்துக்கொண்டாள்.

மா இருந்தது, ஈஸ்ட் வாங்கினாள், அக்கா தந்த போறணை அடுப்பின் தூசியைத் தட்டினாள். இல்லாதது அச்சு ஒன்றுதான். அதைப் பற்றி அவள் பெரிதாக யோசிக்கவில்லை. புத்தளம் டவுனில் ஒரு பாத்திரக்கடையில், வெளியே பூப்போட்ட, உள்ளே கறுப்பாக மினுமினுத்த ஒட்டாத அச்சு ஒன்று கண்ணைக் கவர்ந்தது. எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அது அகலமான அச்சு. பிசைந்த மா மேலே எழும்பாமல் பக்கவாட்டில் படுத்துக்கொண்டது. கறுப்புத் தகடு சூட்டை அள்ளி அடியைக் கரியாக்கியது. நடுவோ வேகாமல், சளியைப் போல விரலில் இழுபட்டது. கழன்று வராததால் கத்தியை விட்டு நெம்பினாள். கறுப்புப் பூச்சு சுருள் சுருளாகக் கத்தியோடு வந்தது. வெட்டிய துண்டில், வெள்ளை மாவின் நடுவே, ஈயின் கால்களைப் போலக் கறுப்புத் துணுக்குகள் நின்றன. அவற்றை ஊசியால் எடுக்கத் தொடங்கியவள் பாதியிலேயே எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கோழிகளுக்குக் கொட்டினாள். சேவல் ஒன்று கொத்திப் பார்த்துவிட்டு அலகை மண்ணில் துடைத்துக்கொண்டு போனது.

பக்கத்து வீட்டு றுக்கியா ராத்தா வேலிக்கு மேலால் பார்த்துச் சிரித்தார். "இந்தக் கறுப்பு அச்செல்லாம் சரி வராது, ஷஃபீனா. எனக்கிட்ட அலுமினிய அச்சு ஒண்டு ஈக்குது, அந்தக் காலத்துச் சாமான். தாறன், சுட்டுப் பாருங்க."

கொண்டுவந்து கொடுத்தார். ஒடுக்கமாக, ஆழமாக இருந்தது. வடிவத்தைப் பார்த்ததுமே இதுதான் சரி என்று ஷஃபீனாவுக்குப் பட்டது. ஆனால் எங்கேயோ இருந்து ஒரு நெடி வந்தது.

"இதுல என்ன வெச்சிருந்தீங்க, ராத்தா?"

"சும்மா கருவாடு கொஞ்சம் போட்டு வெச்சிருந்த. நல்லாக் கழுவித்தான் தந்தீக்கிறன்."

ஷஃபீனா சாம்பல் போட்டுத் தேய்த்தாள். தேசிக்காய்த் தோலால் தேய்த்தாள். கொதிநீர் ஊற்றி முற்றத்து வெயிலில் கவிழ்த்து வைத்தாள். நெடி போய்விட்டது போலத்தான் இருந்தது. அச்சின் நான்கு மூலைகளிலும் தகடு ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து அடிக்கப்பட்டிருந்தது. மாவை வைக்குமுன் அச்சை வெறுமனே போறணையில் சூடாக்கினாள். மூலை மடிப்புகளிலிருந்து மண்ணிறமாக ஏதோ கசிந்தது. பழைய கருவாட்டு எண்ணெய். அதோடு, அரிசிக் குறுநொய்யைப் போல வெள்ளையாக ஏதோ மிதந்து வந்தது. கண்ணாடிக் கதவருகே குனிந்து பார்த்தாள். செத்து உலர்ந்த புழுக்கள்.

குசினிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினாள். அன்று அவள் எதுவும் தின்னவில்லை. அச்சைத் திருப்பிக் கொடுக்கும்போது றுக்கியா ராத்தா, "சுட்டீங்களா? எப்படி வந்திச்சு?" என்று கேட்டார். "போறணை பழுது, ராத்தா," என்றாள். அந்த மனுசியின் வீட்டில் இதுவரை எத்தனை முறை சாப்பிட்டிருக்கிறோம் என்ற எண்ணம் வந்தபோது வேலியோரம் ஒதுங்கித் துப்பினாள்.

இந்த இரண்டு அச்சுகளும் அவளுக்கு ஒன்றைச் சொல்லித் தந்திருந்தன. பாண் மேலே எழும்ப வேண்டுமென்றால் அச்சு ஒடுக்கமாக இருக்க வேண்டும். கறுப்பு வேண்டாம், வெளிறிய தகடுதான் மெதுவாகச் சுடும். கழன்று வரக்கூடிய பூச்சு எதுவும் உள்ளே இருக்கக்கூடாது. மூலையில் ஊத்தை ஒளிந்துகொள்ள மடிப்பு இருக்கக்கூடாது. இதையெல்லாம் அவள் மாமியிடம் வாய்விட்டுச் சொன்னாள். சொன்னதற்குக் காரணம், மாமி பேக்கரிப் பாணை இன்னும் தின்றுகொண்டே இருந்ததுதான். ஷஃபீனாவின் பாணைக் காணும்வரை நிறுத்தமாட்டாராம்.

"நீங்க செல்லுற மாதிரி அச்சு எண்ட மகன்ட பேக்கரிக்குப் பின்னால அடுக்கிக் கெடக்குது," என்றார் றஹ்மத் உம்மா. "இப்பதான் புதுசா அடிச்சு எடுத்தீக்கிறான். பழசெல்லாம் ஓட்ட விழுந்து போச்சாம்."

மறுநாள் காலை அவரே போனார். மஹ்ரூப் கடையில் இல்லை. பின்பக்கம் அடுக்கியிருந்ததில் ஒன்றை உருவி, முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, திருடிய பிள்ளையைப் போலச் சிரித்தபடி வந்தார்.

அச்சு அழகாக இருந்தது. கனத்த தகடு. மூலைகளை மடிக்காமல் ஒட்டவைத்திருந்தார்கள். உள்ளும் வெளியும் புத்தம்புது வெள்ளி மினுக்கம். ஷஃபீனா அதைத் தட்டிப் பார்த்தாள், உள்ளே விரலை ஓட்டினாள், முகர்ந்தாள். லேசாகப் பெயின்ட் மணத்தது. செதில் விட்டது பழைய அச்சாகத்தான் இருக்கும், புதுச் சாமான் மணக்கத்தான் செய்யும் என்று நினைத்தாள். கழுவி, எண்ணெய் தடவி, மாவை வைத்தாள்.

பாண் எழும்பியது. அச்சின் விளிம்பைத் தாண்டி, பொன்னிறமாக, ஒரு பக்கம்கூடச் சரியாமல் எழும்பியது. இல்மா போறணைக் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு குதித்தாள். மாமி எழுந்து வந்து பார்த்து, "மாஷா அல்லாஹ்," என்றார். ஷஃபீனாவின் மனம் குளிர்ந்த நேரம் அது ஒன்றுதான்.

பிறகு வாடை வந்தது.

முதலில் அவள் கருகுகிறதோ என்று நினைத்தாள். கதவைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. இல்மாவின் வாயிலிருந்து எடுத்தபோது அடித்த அதே வாடை, இப்போது சூடாக, குசினி நிறைய அடித்தது. அச்சைக் கவிழ்த்துத் தட்டினாள். பாண் சுலபமாகக் கழன்று விழுந்தது. அதன் அடிப்பக்கம் முழுக்க வெள்ளிச் செதில்கள். அச்சின் உள்ளே வெள்ளிப் பூச்சு தீக்காயத்தைப் போலக் கொப்பளித்திருந்தது. ஒரு கொப்புளத்தை நகத்தால் தொட்டாள். உடைந்து தோல் உரிந்தது. கீழே மஞ்சளாக ஏதோ தெரிந்தது.

அச்சைக் கிணற்றடிக்குக் கொண்டுபோனாள். தேங்காய்த் தும்பும் மணலும் போட்டுத் தேய்த்தாள். உட்பக்கத்து வெள்ளி பொருக்குப் பொருக்காகப் போனது. அதன் அடியில் மஞ்சள் பெயின்ட். மஞ்சளின் மேல் கறுப்புக் கோடுகள். முதலில் ஒரு எலும்பு. பிறகு அதைக் குறுக்கே வெட்டிய இன்னொரு எலும்பு. அவற்றுக்கு மேலே இரண்டு குழிந்த கண்கள், பல்லிளித்த வாய். அச்சின் நடு அடியில், மாவு படுக்கிற சரியான இடத்தில், ஒரு மண்டையோடு. அதன் கீழே மூன்று மொழியிலும் எழுத்து இருந்திருக்க வேண்டும். தகடு மடிந்த இடத்தில் வெட்டுப்பட்டு, தமிழில் 'நச்சு' என்பது மட்டும் மிஞ்சியிருந்தது.

கையிலிருந்த தும்பை எறிந்தாள். விரல்களை மணலில் தேய்த்தாள், தண்ணீரில் கழுவினாள், திரும்பவும் மணலில் தேய்த்தாள். பாண் அடியில் கண்ட செதில்கள் ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்தன. மாமி தேத்தண்ணிக்குள் தோய்த்த துண்டுகள். இல்மாவின் பாடசாலைச் சாப்பாட்டுப் பெட்டி. தொண்டைக்குள் இரண்டு விரலை விட்டு வாந்தியெடுக்கப் பார்த்தாள். புளித்த தண்ணீர் மட்டும் வந்தது.

அந்த மஞ்சளை அவளுக்குத் தெரியும். அதுதான் இன்னும் குமட்டியது. இறால் பண்ணைக் குளங்களுக்குப் போடும் மருந்து அப்படியான மஞ்சள் தகரப் பீப்பாய்களில்தான் வரும். நோன்புக்கு முன்னால் ஒருநாள் முபாரிஸ் பாண் வண்டியின் பின்பக்கத்தில் அவற்றை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். "கை எரியுது, தண்ணி ஊத்து," என்றான். அவள்தான் ஊற்றினாள். சவர்க்காரமும் கொடுத்தாள். எதற்கு இந்தப் பீப்பாய் என்று கேட்டதற்கு, "நானாக்குத் தண்ணி புடிக்க," என்று தமையனைச் சொன்னான்.

மத்தியானம் அவன் வண்டியை நிறுத்திவிட்டு வந்தபோது, ஷஃபீனா அச்சைச் சாப்பாட்டு மேசையில் மண்டையோடு தெரியும்படி வைத்திருந்தாள். பக்கத்தில், அடி மேலாகக் கவிழ்த்து, அந்த அழகான பாண்.

முபாரிஸ் வாசலிலேயே நின்றான்.

"தண்ணி புடிக்கிற பீப்பாய்," என்றாள் ஷஃபீனா.

"யாரு இத இங்க கொண்டு வந்த?"

"அதையா கேக்கிறீங்க?"

அவன் வந்து கதிரையில் இருந்தான். அச்சைப் பார்க்கவில்லை. "நானா சுண்ணாம்பு போட்டுக் கழுவித்தான் வெட்டக் குடுத்த. மேல பெயின்ட்டும் அடிச்சீக்குது. போறணைச் சூட்டுல எல்லா விசமும் எரிஞ்சிருமாம். புதுத் தகரம் விக்கிற வெலைக்கு வேற என்ன செய்யிற எண்டு கேட்டாரு."

"அவரு கேட்டாரு. நீங்க என்ன செல்லின?"

"நான் என்னத்தச் செல்லுற? அவருக்குக் கீழதானே நான் வேல செய்யிற."

ஷஃபீனா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நோன்பு முடிந்ததிலிருந்து இந்த மனுசன் காலையில் என்ன தின்றான் என்று யோசித்தாள். இடியப்பம். பழஞ்சோறு. வெறும் வாழைப்பழம். பாண் தின்றால் வயிறு எரிகிறது, கேஸ்ட்ரிக் என்றான். பிள்ளையும் தாயும் முன்னால் இருந்து பாணைப் பிய்த்துத் தின்னும்போது இடியப்பத்தைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"ஒங்களுக்கு வயித்து வருத்தம் ஒண்டும் இல்ல, என்ன?" என்றாள்.

அவன் குனிந்து செருப்பைக் கழற்றத் தொடங்கினான்.

"தெரிஞ்சிதான் தின்னாம இருந்தீக்கிறீங்க. எங்களத் தின்ன வுட்டுட்டு. இல்மாட வாயில இருந்து நான் தோண்டியெடுத்துக் காட்டினன். அப்பவும் வாயத் தொறக்கல்ல. வீட்டுல சுடு எண்டீங்க."

"அதனாலதானே சுடச் செல்லின! வேற எப்படி நான் செல்லுற? வெளிய தெரிஞ்சா நானாட கதி என்ன? எங்கட கதி என்ன?"

"ஒங்கட உம்மா? உம்மாவுக்காவது செல்லியிருக்கலாமே. அவங்க இண்டைக்குக் காலையிலயும் தின்ன."

முபாரிஸின் கண் அவளைத் தாண்டிப் பின்னால் போனது. அறை வாசலில் றஹ்மத் உம்மா நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. மெதுவாக மேசைக்கு வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அச்சுக்குள் பார்த்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. மண்டையோட்டை வாசிக்கத் தேவையில்லை.

"வெசமா?" என்று மகனிடம் கேட்டார்.

"உம்மா, நானா செல்லின..."

"ஒன்னத்தான் கேக்கிறன்."

"ஓம்."

றஹ்மத் உம்மா கிணற்றடிக்குப் போய் வாய் கொப்பளித்தார். திரும்பவும் திரும்பவும் கொப்பளித்துத் துப்பினார். வந்து, புர்காவை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஷஃபீனா, அந்த அச்சக் கையில எடுங்க. அஸர் தொழுதுட்டுப் போவம்."

"உம்மா, வேணாம்," என்று முபாரிஸ் எழுந்தான். "குடும்ப மானம்..."

"நீ இரு," என்றார் தாய். "இருந்து இடியப்பம் தின்னு."

அஸர் தொழுகை முடிந்த கையோடு பேக்கரியில் சனம் கூடும். மாலைப் பாண் சூடாக இறங்குகிற நேரம். மஹ்ரூப் வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக மேசையில் இருந்தான். முன்னால் பாதி குடித்த பால் தேத்தண்ணிக் கிளாஸ். அதன் விளிம்பில் ஈ நடந்துகொண்டிருந்தது. தாயைக் கண்டதும் எழுந்து கதிரையை இழுத்துப் போட்டான்.

"வாங்க, உம்மா. செல்லி அனுப்பியிருந்தா நானே பாண் அனுப்பியிருப்பனே."

"சூடா ஒரு பாண் தா. கத்தியும் தா."

றஹ்மத் உம்மா உட்காராமல் நின்றபடி பாணை வெட்டினார். ஆவி எழுந்தது. அடித்தோலோடு சேர்த்து ஒரு தடித்த துண்டை எடுத்து மகனிடம் நீட்டினார்.

"தின்னு, வாப்பா."

மஹ்ரூப் சிரித்தான். "நீங்க தின்னுங்க, உம்மா."

"நான் நோன்புப் பெருநாள்லேந்து தின்னுறன். இப்ப நீ தின்னு."

அப்போதுதான் அவன் ஷஃபீனாவின் கையிலிருந்த அச்சைக் கண்டான். கண் ஒருமுறை அதில் விழுந்து சட்டென்று விலகியது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நான் இண்டைக்குச் சுன்னத்து நோன்பு, உம்மா," என்றான்.

சனம் முழுக்கத் தேத்தண்ணிக் கிளாஸைப் பார்த்தது. மஹ்ரூபும் பார்த்தான். ஈ பறந்துபோய்த் திரும்பவும் அதே விளிம்பில் வந்து இருந்தது. ஷஃபீனாவுக்கு அந்த இடத்தில் நிற்கவே கூசியது. அச்சின் அடியில் கண்ட ஊத்தை ஒன்றுமே இல்லை என்று தோன்றியது. இந்த மனிதன் அல்லாஹ்வையும் ஒரு பூச்சாக எடுத்துத் தன்மேல் அடித்துக்கொள்கிறான்.

"தின்னு," என்றார் தாய். குரல் உயரவில்லை. நீட்டிய கையும் இறங்கவில்லை.

மஹ்ரூப் துண்டை வாங்கி ஒரு மூலையைக் கடித்தான். வாய் அசையவில்லை. கன்னம் ஒருபக்கம் உப்பிக்கொண்டு நின்றது. எல்லோரும் அவன் தொண்டையைப் பார்த்தார்கள். அது இறங்கவில்லை. வியர்வை புருவத்தில் கோர்த்தது. திடீரென்று திரும்பி, மாவு மூட்டைகளுக்கு நடுவே துப்பினான். ஈரமான அந்த உருண்டை சீமெந்துத் தரையில் பட்டு ஒட்டிக்கொண்டது. அவன் கைலேஞ்சியை எடுத்து நாக்கைத் துடைத்தான். ஒருமுறை அல்ல, பலமுறை, அழுத்தி அழுத்தித் துடைத்தான்.

ஷஃபீனா அச்சை மேசையில் வைத்தாள். மண்டையோடு சனத்தைப் பார்த்தபடி இருந்தது.

"இறால் மருந்துப் பீப்பாய வெட்டினது," என்றாள். "உள்ள அடிச்ச பெயின்ட் பாணோட உரிஞ்சு வருது. வீட்டுல பாண் வெச்சீக்கிறவங்க அடியத் திருப்பிப் பாருங்க."

றுக்கியா ராத்தா கூட்டத்தில் இருந்தார். பையிலிருந்த பாணை எடுத்துத் திருப்பிப் பார்த்து, "யா அல்லாஹ்!" என்று தரையில் போட்டார். யாரோ ஓங்கரித்துக்கொண்டு வெளியே ஓடினார்கள். யாரோ மஹ்ரூபின் சட்டையைப் பிடித்தார்கள். இவ்வளவுக்கும் நடுவே, இரண்டு பாணை அக்குளில் இடுக்கிய ஒரு மனிதர், "இவ்வளவு நாளும் தின்னுதானே, ஒண்டும் ஆகல்லியே," என்று சொல்லிவிட்டு, அவற்றோடேயே வீட்டுக்கு நடந்தார்.

மறுநாள் சுகாதாரப் பரிசோதகர் வந்து பேக்கரியைப் பூட்டினார். அச்சுகளை எல்லாம் வெளியே கொட்டி, டிரக்டர் சில்லை ஏற்றி நசுக்கினார்கள். இல்மாவையும் மாமியையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இப்போதைக்குப் பயமில்லை, ஆனால் கொஞ்ச மாதத்துக்கு அப்பப்ப வந்து காட்டுங்கள் என்றார் டொக்டர். 'இப்போதைக்கு' என்ற அந்த வார்த்தையை ஷஃபீனா வழியெல்லாம் தனக்குள் சொல்லிக்கொண்டு வந்தாள்.

வழக்கு, தண்டம் எல்லாம் நடந்தது. பிறகு பேக்கரி திறந்தது. புது அச்சுகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி ஊருக்குக் காட்டினான் மஹ்ரூப். முதல் நாள் ஆட்கள் தயங்கினார்கள். இரண்டாவது கிழமை வரிசை நின்றது. பாண் வண்டியின் பாட்டு திரும்பவும் ஒழுங்கையில் கேட்டது, வேறு சாரதியோடு. றுக்கியா ராத்தாவும் வேலியால் எட்டிக் கைகாட்டி வண்டியை நிறுத்தினார். ஜும்ஆவில் மஹ்ரூப் அதே முதல் வரிசையில் நின்றான் என்று கேள்விப்பட்டபோது, ஷஃபீனா கழுவிக்கொண்டிருந்த பீங்கானை அப்படியே தண்ணீருக்குள் விட்டுவிட்டு எழுந்துபோனாள். அவன் தாய்க்கு ஒரு கேக் அனுப்பியிருந்தான். றஹ்மத் உம்மா பெட்டியைத் திறக்காமலே வந்தவன் கையில் திருப்பிக் கொடுத்தார்.

முபாரிஸ் தமையனிடம் போவதை நிறுத்திவிட்டான். உப்பளத்தில் மூட்டை ஏற்றப் போனான். கைகள் வெடித்துப்போய் வந்தான். ஷஃபீனா சோறு போட்டாள், உடுப்புத் துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். அவன் குடித்த கோப்பையை மட்டும் தனியாகக் கழுவினாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

பாண் சுடும் ஆசையை அவள் விடவில்லை. மாமியோடு புத்தளம் டவுனுக்குப் போனாள். இந்த முறை பூவையும் மினுக்கத்தையும் பார்க்கவில்லை. அடுக்கிலிருந்த ஒவ்வொரு அச்சையும் இறக்கி, வெளிச்சத்தில் சரித்து, மூலைகளுக்குள் விரலை விட்டாள். நகத்தால் கீறினாள். மூக்கை உள்ளே விட்டு முகர்ந்தாள்.

"ராத்தா, இது வாசனைக் கடை இல்ல," என்றான் கடைக்காரன்.

"நீங்க இதுல தின்னுவீங்களா?"

"ஏன் தின்ன மாட்டன்?"

"அப்ப நான் மோந்து பாக்கிறதுல ஒங்களுக்கு என்ன?"

கடைசியில் அடித்தட்டில் தூசியோடு கிடந்த ஒன்றைத் தெரிந்தெடுத்தாள். கனத்த அலுமினியம். மங்கல் நிறம். பூச்சு இல்லை, மடிப்பு இல்லை. ஒரே தகட்டை அழுத்தி எடுத்தது. மூலைகள் உருண்டு, விரல் தடைபடாமல் ஓடியது. ஒடுக்கம், ஆழம். வீட்டுக்கு வந்து கொதிநீரில் போட்டாள். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. வெறுமனே சூடாக்கிப் பார்த்தாள். சூட்டைத் தவிர ஒரு வாடையும் இல்லை.

மாவை அச்சில் முக்கால் பங்குக்குக் குறைவாக வைத்து எழும்ப விட்டாள். சுட்டு இறக்கிக் கவிழ்த்தாள். பாணை எடுத்து அடியைத் திருப்பினாள். சீரான மண்ணிறம். அதைத் தவிர ஒன்றும் இல்லை. இல்மா முதலில் முகர்ந்தாள், பிறகு நக்கிப் பார்த்தாள், பிறகுதான் கடித்தாள். மாமி தேத்தண்ணியில் தோய்க்காமல் வெறும் பாணாகவே தின்று, இன்னொரு துண்டு கேட்டார்.

முபாரிஸ் வேலையால் வந்து கை கழுவிவிட்டு மேசையில் இருந்தான். கொஞ்ச நேரம் பாணையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கையை நீட்டி ஒரு பக்கத்தைப் பிய்த்து வாயில் வைத்தான். மென்றான், விழுங்கினான்.

"நல்லா ஈக்குது," என்றான். பிய்த்த பாதியை அவள் பக்கம் நகர்த்தினான். "நீயும் தின்னு."

அவனுடைய விரல்கள் அழுந்திய இடத்தில் பாண் குழிந்திருந்தது. ஷஃபீனா அந்தக் குழியைப் பார்த்தாள்.

"நீங்க தின்னுங்க," என்றாள்.

கத்தியை எடுத்து, அவன் கை படாத மறுமுனையில் ஒரு துண்டை வெட்டி, குசினிக்குக் கொண்டுபோய் நின்றபடியே தின்றாள். பாண் உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது.